முன் சீட்டில் விதுர்ஷா

வெளியே மழை. கண்ணாடி அறைக்குள் அவன். காதில் ஹெட்போன், கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவன் பார்வை, கண்ணாடிக்கு வெளியே கருவியில் சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்த கஜானியின் விரல்களை விட்டு அசையவேயில்லை. எவ்வளவு பெரிய கண்கள்... அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

இரண்டு காதும் நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"என்ன, விரலையே பாத்திட்டிருந்தீங்க?"

"வேற எங்க பாக்கச் சொல்றீங்க?"

கொழுப்பைப் பார்!

அவன் வினோஜன். பத்து வருஷம் கனடாவில் இரும்புத் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு, இப்போது கல்குடாவில் வேன் ஓட்டுகிறான். வெளிநாடு போய் வந்தவர்களின் காதையும் ஊரிலேயே இருந்தவர்களின் காதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்காக, கஜானியும் தோழி விதுர்ஷாவும் மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தார்கள். மறுநாளிலிருந்து அவர்களுக்கு அவன் வேன்தான்.

முன் சீட்டில் விதுர்ஷா. சாரதிக்குப் பின்னால், வலது ஜன்னலோரம் கஜானி. விதுர்ஷா எதைச் சொன்னாலும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாசிக்குடாக் கடற்கரைக்கு இப்ப சனம் வருதா?" கஜானி கேட்டாள்.

பதிலே இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது நல்லாத்தான் இருக்கு, நானே சோதிச்சன்... அப்ப மனசுதான் இல்ல!

"என்னகா, முகம் உம்மெண்டு கிடக்கு?" என்றாள் விதுர்ஷா.

"ஒண்டுமில்ல. நீ சிரி."

நாலாம் நாள், வாழைச்சேனைத் தேநீர்க் கடை வாசல். விதுர்ஷா வேனிலேயே இருந்தாள். அவளுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு அவன் ரோட்டில் இறங்கினான். வலப்பக்கமிருந்து பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு பாய்ந்து வந்தது... அவன் திரும்பவேயில்லை. கஜானி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தேநீர் முழுக்க அவள் மேல் கொட்டியது.

"காது கேக்காதா உங்களுக்கு?"

அவன் தலை குனிந்தான்.

"அந்தப் பக்கம் கேக்காது."

கஜானி அவன் வலக் காதைப் பார்த்தாள்.

"கனடாவில பிறந்தவங்களுக்கு ஒபிஸ் அறை. எங்கள மாதிரி வந்தேறின ஆக்களுக்கு மெஷினுக்குப் பக்கத்தில வேலை. பத்து வருஷமா வலப்பக்கம் அந்த இரைச்சல்... சோதனையில உங்கட விரல் அசையக்குள்ள நானும் அழுத்தினன்."

"ஏன் ஏமாத்தினீங்க?"

"கண்டவுடனேயே உங்களப் பிடிச்சிட்டு. உங்கட கையால என்னைச் செவிடன் எண்டு எழுதிப்போடுவீங்களோ எண்டு பயம்..."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாலு நாள் வயிறெரிந்ததெல்லாம் இதற்குத்தானா!

"நாளைக்குத் திரும்பச் சோதனை. திரை போட்டு."

"அதில தோத்தா?"

அவள் போய் வேனின் முன் கதவைத் திறந்தாள்.

"இறங்குகா. பின்னால போ."

"ஏன்கா?" விதுர்ஷா முழித்தாள்.

"அவருக்கு இந்தப் பக்கம்தான் கேக்கும். எனக்கு அவரோட நிறையக் கதைக்கக் கிடக்கு... சாகும்வரைக்கும்."