மீசைக்குள் மூன்று முட்டை

வாலுவின் அம்மா நூலகர். அவர் "உஷ்" என்றால் மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றும். தும்மல் வந்தவர்கள் தெருமுனை வரை ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார்கள்.

அதே அம்மா ஞாயிறு மாலை மேடை ஏறினால் 'மீசை மாமா'. தொளதொள கோட்டு, கறுப்புக் கண்ணாடி, இரண்டு காதையும் தொடும் மீசை, கையில் ஒரு மைக். மாமாவின் ஜோக்கைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் பல்செட்டைத் தொலைத்தவர்களே நாற்பது பேர் இருப்பார்கள். மாமா யாரென்று வாலுவுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று மதியம் வழக்கம்போல வாலு மீசைக்கு ஷாம்பு போட்டு அலசி, மொட்டைமாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் கிளிப் தரையில் கிடக்கிறது, மீசையைக் காணோம்.

எதிர் மரத்துக் கூட்டிலிருந்து மீசையின் ஒரு முனை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் ஒரு காக்கா, ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது.

விஷயம் கேட்டு அம்மா தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மணிக்கு ஷோ. மீசை இல்லாம எனக்குப் பேச்சே வராதுடி. முதல் தடவ வெறும் மூஞ்சியோட மேடையேறி, வணக்கம் சொல்லவே பத்து நிமிஷம் ஆச்சு."

"எட்டு நிமிஷம்தான்" என்று ஆறுதல் சொன்னார் அப்பா. தையல்காரர் இல்லையா, எதையும் அளந்துதான் சொல்வார். "இருங்க, ஏணி கொண்டு வர்றேன்."

அப்பா நாலு படி ஏறுவதற்குள் காக்கா அவருடைய வழுக்கைத் தலையில் மூன்று கொத்து கொத்திவிட்டது.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த வாலு, "அப்பா, எறங்கிடுங்க" என்றாள். "உள்ள மூணு முட்டை இருக்கு. மீசைதான் மெத்தை. இழுத்தீங்கன்னா எல்லாம் கீழ விழுந்துடும்."

"அப்போ அம்மாவுக்கு?"

வாலு தன் பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தாள். இடுப்பைத் தொட வேண்டும் என்று இரண்டு வருடமாக வளர்த்த பின்னல். இன்னும் நான்கு விரல்தான் பாக்கி.

"இதுல ஒரு சாண் வெட்டிக்கோங்க" என்றாள்.

"வேணாம் கண்ணு" என்றார் அம்மா.

"முடிதானம்மா, வளந்துடும். மாமா வரலன்னா பல்செட்டுக்காரங்க எல்லாம் ஏமாந்து போயிடுவாங்க."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டார். அப்பா கத்தரிக்கோலை எடுத்தார். அம்மாவின் மூக்கிலிருந்து காது வரை டேப் வைத்து அளந்து, வலைத்துணியில் முடியை வைத்துத் தைத்து, இருபதே நிமிடத்தில் புது மீசையை முடித்துவிட்டார்.

மேடையில் மாமா வந்து நின்றதும் கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "என்ன மாமா, மீசை அலையலையா இருக்கு?"

பின்னல் மடிப்பு அப்படியே இருந்ததே. முன்வரிசையில் அப்பா பக்கத்தில் இருந்த வாலு, குட்டையான பின்னலைச் சட்டென்று முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டாள்.

"பழைய மீசைக்குக் குடித்தனம் வந்துடுச்சுய்யா. மூணு பேர், இன்னும் கண்ணே முழிக்கல" என்றார் மாமா. "இது முன்வரிசைல இருக்கிற ஒரு நல்ல மனசு குடுத்தது. பேர் சொல்ல மாட்டேன். தலையில முடி கொஞ்சம் கொறைஞ்சிருக்கும், பாத்துக்கோங்க."

அரங்கமே திரும்பி அப்பாவின் வழுக்கையைப் பார்த்தது. அதில் மூன்று பிளாஸ்திரி வேறு. அப்பா எழுந்து நின்று, பெருந்தன்மையாக ஒரு கும்பிடு போட்டார்.

அன்று அரங்கில் எத்தனை பல்செட்டு விழுந்தது என்று யாரும் எண்ணவில்லை. ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்த வாலுவின் பால்பல் மட்டும் நிச்சயமாக விழுந்தது.