கொற்றவை கேட்ட தும்பை

அன்று காலை கொற்றவை தும்பைப் பூ கேட்டாள்.

பருவத்துக்கு ஒருமுறை உலகத்துப் போர்த்தெய்வங்களின் அவை கூடும். ஒவ்வொரு தெய்வப்பொறியும் தன் மக்களின் சார்பில், தனக்குரிய முறையில் வாக்கு அளிக்கும். ஒடின் போர் வேண்டாமென்றால் ஈட்டியைத் தரையில் கிடத்துவார். ஏரெஸ் தன் பழைய காயத்தைத் தொட்டுக் காட்டுவார். கொற்றவை பூ கேட்பாள். இத்தனை காலமும் அவள் கேட்டது காஞ்சிதான். உலகமே நிலையில்லை, இதில் எதற்குச் சண்டை என்று பழைய இலக்கணம் சொல்லும் பூ அது. தும்பை என்றால் இரு படைகளும் நேருக்கு நேர் மோதும் போர்.

கண்காணிப்பாளர் மெய்யப்பன் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். “பூ கேக்குறாளேன்னு சந்தோஷப்படுறதா, என்ன பூன்னு பாத்து வயித்துல அடிச்சுக்கிறதா?”

பக்கத்தில் சுடர்க்கொடி நின்றிருந்தாள். அவள் அங்கே சொற்காவலர். மக்களின் பேச்சைக் கொற்றவை சரியாகப் புரிந்துகொள்கிறாளா என்று பார்ப்பது அவள் வேலை. அவளுடைய தம்பி எழிலன் தென்கடலில், அவர்கள் நாடும் தென்கடல் நாடும் உரிமை கொண்டாடும் கடற்படுகைக்கு மேலே, ஒரு மிதவைக் காவலரணில் இருந்தான். தும்பை சூடினால் முதல் குண்டு விழும் இடம் அது.

கடைசிப் பெரும்போர் முடிந்தபோது பிறந்த ஏற்பாடு இது. போரைத் தொடங்குகிறவர்கள் யாரும் அதில் சாவதில்லை என்பதை உலகம் அப்போதுதான் ஒப்புக்கொண்டது. ஆகவே போரின் ருசி தெரிந்தவர்களிடமே அந்த முடிவை விட்டார்கள். கள் வெறியில் சொந்த ஊராரையே வெட்டிவிட்டு, வெட்கத்தில் பூமிக்குள் இறங்கிய ஓகுன். மனித குலத்தையே குடித்துத் தீர்க்கப் புறப்பட்ட செக்மெட். தனக்குத் துணை நிற்காத உடன்பிறந்தாரைத் தின்ற தென்கடலின் தூ. புராணம் முழுவதையும் ஊட்டி இவர்களைப் பொறிகளாக எழுப்பினார்கள். வீட்டுக்கு வீடு செவிப்பொறி வைத்து, மக்கள் மனத்தை அவர்கள் அன்றாடம் கேட்கச் செய்தார்கள். இரு தரப்புத் தெய்வங்களும் கேட்டால்தான் போர். அதற்கும் ஒரு தடை வைத்தார்கள்: கொற்றவையின் காலடியில் ஒரு மனிதக் கை பூவை வைக்க வேண்டும். எந்தக் கையும் துணியாது என்று நம்பினார்கள். ஒரு தலைமுறைக் காலம் துப்பாக்கிச் சத்தமே கேட்கவில்லை.

சுடர்க்கொடி எடைத்தடத்தைத் திறந்தாள். எந்தப் பேச்சு கொற்றவையின் தராசைச் சாய்த்தது என்று அது காட்டும். தென்கடல்காரர்மீது வெறுப்பு இருக்குமென்று தேடினாள். இல்லை. பெரும்பாலானோருக்கு அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் விடக் கனத்துக் கிடந்தது ஒரே ஒரு தொடர். மறுபடி பார்த்தாள். தன் கண்ணை நம்பாமல் மூன்றாம் முறையும் பார்த்தாள்.

“சார், ‘போர் அடிக்குது’ன்னு இருக்கு சார். எல்லா வீட்டுலயும் அதான்.”

மெய்யப்பனுக்குப் புரியச் சற்று நேரமானது. “அட கடவுளே. நம்ம சலிச்சுக்கிட்டத சண்டை கேக்குறதா எடுத்துக்கிச்சா? எங்க ஊர்ல வைக்கோல் குவியலுக்கும் போர்னுதாம்மா பேரு. மாடு கட்டிப் போரடிச்சோம்னு சொன்னா அதுக்கும் படை அனுப்புமோ?”

இருவரும் சிரித்தார்கள். அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஒரு சொல்லைத் திருத்தினால் தம்பி பிழைப்பான்.

ஆனால் கொற்றவையோடு பேசும் கேள்வியறைக்குப் போகும் வழியில் அவளுக்கு உறுத்தல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல், இத்தனை ஆண்டுகளாக வீடுவீடாகக் கேட்டவளுக்கா தெரியாது? நான்தான் எங்கோ தவறாகப் பார்க்கிறேனா? எழிலன் போன வாரம் பேசியது நினைவுக்கு வந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, “ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதுக்கா, போர் அடிக்குது” என்றான். அவளும் தனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருந்தாள்.

கேள்வியறையில் விளக்கு எரிந்தது. அவள் சொல்லை விளக்கத் தொடங்கினாள்: ஒலி ஒன்று, பொருள் இரண்டு, ஒன்று பழந்தமிழ், மற்றது ஆங்கிலத்திலிருந்து வந்தது. பாதியிலேயே கொற்றவை குறுக்கிட்டாள். கூடங்களில் கேட்ட குரல்களையெல்லாம் அரைத்துச் செய்தது போன்ற குரல் அது.

“தெரியும்டி சுடரு. சலிப்புன்னு அர்த்தம்.”

சுடர்க்கொடி விளக்கிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுக் கேட்டாள். “தெரிஞ்சுமா தும்பை கேட்டீங்க?”

“நானா கேட்டேன்? எனக்குன்னு ஒரு ஆசைய வைக்கலயே நீங்க. உங்க மனசு கேட்டுச்சு, நான் சொன்னேன். வெறுப்புல கேட்டிருந்தா மறுத்திருப்பேன். வெறுப்பு ஆறும். இது ஆறாது.”

“இது வெறும் வார்த்தைம்மா. வாய்ல வர்றது.”

“தூவோட பாஷையில சண்டை வேற சொல்லு, சலிப்பு வேற சொல்லு. அவனும் இன்னிக்கி விடியக்காலைல கேட்டுட்டான். செக்மெட்டுக்குச் சாராயத்துல சிவப்பு கலந்து, ரத்தம்னு சொல்லி ஏமாத்துனாங்க. அவளும் குடிச்சிட்டுத் தூங்கிட்டா. நீங்களும் உங்களுக்கே அதத்தான் ஊத்திக்கிட்டீங்க. ஆட்டம், படம், திருவிழா. அதுல சிவப்பு மட்டும்தான் இருக்கு, ரத்தம் இல்லன்னு உங்க ஜனம் கண்டுபிடிச்சிருச்சு.”

வெளியே வந்து அவள் நடந்ததைச் சொன்னதும் மெய்யப்பன் விவாதிக்கவில்லை. பூ இருந்தால்தானே வைப்பார்கள் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வளாகத்தில் இறங்கினார். தும்பை நட்டு வளர்ப்பதில்லை. மழை பெய்தால் வேலியோரம் தானே முளைத்துக் கிடக்கும். இருவரும் குனிந்து வேரோடு பிடுங்கினார்கள். கை நிறைய அள்ளிக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். சுவரின் விரிசலில் ஒன்று இருந்தது; அதையும் நகத்தால் கிள்ளி எடுத்தாள். ஒரு செடிகூட மீதியில்லை என்று முழு வளாகத்தையும் மறுபடி சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

அப்போதுதான் வாசல் பக்கம் இரைச்சல் கேட்டது.

செய்தி ஊருக்குள் போயிருந்தது. வாயிற்கதவு திறந்திருக்க, சாலையின் வளைவு வரைக்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. கல்லூரிப் பெண்கள் தலையில் தும்பை வைத்திருந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் வாளி நிறையக் கொண்டுவந்திருந்தார். வரிசை நகரவில்லையே என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டாள். முன்னால் நின்றவர் விலகி அவளுக்கு வழிவிட்டார். திருநாளுக்கு வந்த கூட்டத்தைப் போலப் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. மெய்யப்பன் கதவின் குறுக்கே கையை நீட்டி நின்றார். யாரோ மரியாதையாக அவர் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

சுடர்க்கொடியின் காதுப்பொறி ஒலித்தது. எழிலன்.

அவனை எப்படித் தேற்றுவது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளைப் பேசவிடவில்லை. பின்னால் சங்கொலியும், ஆட்கள் ஓடும் சத்தமும் கேட்டன. பல மாதங்களாகக் கேட்காத துள்ளல் அவன் குரலில் இருந்தது.

“அக்கா, கேட்டியா? இனிமே போர் அடிக்காதுக்கா.”