கொண்டி இருந்த பக்கம்

மாரி பிடித்துப் பதினோராம் நாள் வீட்டின் எல்லா யன்னல்களும் ஊறி இறுகிவிட்டிருந்தன, ஒன்றைத் தவிர. குசினி யன்னலைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். கூடத்து யன்னல் திறந்தால் பூட்டாது, பூட்டினால் திறக்காது. அறைக் கதவுகளும் அப்படியே. இழுத்துச் சாத்தினால் நிலையைக் கவ்விக்கொண்டு, சின்னப் பிள்ளை தொங்கினாலும் அசையாமல் நின்றன. மகளின் அறை யன்னல் மட்டும் கோடையில் அசைந்தது போலவே ஒரு விரலுக்கு அசைந்தது, சத்தமே இல்லாமல்.

உதயரூபனுக்கு அது முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கணிதம் படிப்பிக்கிற ஆள் அவன். எதையும் ஆராயாமல் வாங்கமாட்டான், வாங்கியபின் அது பிழையென்று ஒத்துக்கொள்ளவும் மாட்டான். பெரியகல்லாற்றில் ஆற்றோரமாக வீடு கட்டத் தொடங்கியபோது மனைவி தனுஷியா, பேசாமல் அலுமினியம் போடுவோம் என்றாள். அவனோ மூன்று மாதம், மரம் விற்கிற மரக்காலை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். மற்ற அறைகளுக்குப் புதுத் தேக்கு. மகளின் அறைக்கு, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து நிலையும் கம்பியும் இரட்டைக் கதவுமாக ஒரு முதிரை யன்னல். அறுபது வருடம் வெயிலும் மழையும் குடித்து ஓய்ந்த மரம், இனி ஊதவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொன்னான்.

அதை மாட்ட வந்த தச்சர் வினாயகமூர்த்தி ஓடாவி, கதவொன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், கொண்டி வெளிப்பக்கம் இரிக்கி," என்றார். "வெளியில நிண்டு கொளுவுற மாதிரித்தான் செஞ்சிரிக்காங்க. உள்ள இரிக்கிற ஆளுக்குத் துறக்க ஏலாது." மறுபக்கத்தின் கீழ்ப்பகுதியைப் பெருவிரலால் தடவினார். "கீறலெல்லாம் இந்தப் பக்கம்."

ஒவ்வொரு கதவிலும் நான்கு, மொத்தம் எட்டுக் கீறல்கள், மேலிருந்து கீழாக, ஒரு சாண் நீளம். பூனையாக இருக்கும் என்றான் உதயரூபன்.

"வித்தவர் ஒரு சொல்லுத்தான் சொன்னவர். கொண்டி இருந்த பக்கம் வெளியிலயே இரிக்கட்டும் எண்டு. மரத்துக்கும் அதுதான் நல்லம், சேர். வெயில் பாத்த பக்கம் வெயிலத்தான் பாக்கணும்."

வெளியே கொண்டி போட்ட யன்னலோடு எந்த மடையன் வீட்டில் இருப்பான் என்று உதயரூபன் சிரித்தான். இடக் கதவை வலத்திலும் வலக் கதவை இடத்திலும் மாற்றி மாட்டினால் உள்பக்கம் வெளியே போய்விடும், வேலை அவ்வளவுதான். ஓடாவி அப்படியே மாட்டிவிட்டுப் போனார். கொண்டி அறைக்குள் வந்தது, கீறல் பக்கம் ஆற்றைப் பார்த்தது. மரத்தூளைப் பசையோடு குழைத்து எட்டுக் கீறல்களையும் அவனே அடைத்து, அரத்தாளால் தேய்த்து, இரண்டு தரம் வார்னிஷ் பூசினான்.

இப்போது பள்ளிக்கூட விடுமுறை. தனுஷியா ஆஸ்பத்திரியில் தாதி, காலையில் போனால் இருட்டியபிறகுதான் வருவாள். பகல் முழுக்க அவனும் ஆறு வயது மகள் தக்ஷாயினியும்தான். ஊரார் ஆறு என்கிற வாவி ஏறி ஏறி வீட்டின் பின் அத்திவாரம் வரை வந்து, மிதக்கும் ஆற்றுவாழையைச் சுவரோடு கொண்டுவந்து ஒதுக்கியிருந்தது. நாலடி உயர்த்திக் கட்டிய அத்திவாரம் என்பதால் வீட்டுக்குப் பயமில்லை, முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நின்றதால் மகளை நினைத்துத்தான் பயம். அவளை ஒரு நிமிடமும் கண்ணிலிருந்து விடக்கூடாது என்று தனுஷியா ஒவ்வொரு காலையும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

பகல் மூன்று மணிக்கு அந்தக் கொண்டி கழன்று தொங்குவதை அவன் திங்கட்கிழமை முதன்முதல் கண்டான். செவ்வாயும் கண்டான். புதன்கிழமை மகளைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"மகள், யன்னல் கொண்டியக் கழட்டினயா?"

"எனக்கு எட்டாதேப்பா," என்றாள் அவள், படம் கீறிக்கொண்டிருந்த கொப்பியிலிருந்து தலை தூக்காமல்.

உண்மைதான். கொண்டி இருந்தது கதவின் மேல்முனையில். கதிரை போட்டாலும் அவளுக்கு எட்டாது.

வியாழக்கிழமை அவன் அறையிலேயே இருந்தான். கூரையில் ஒரே சீராக விழும் மழை, மண்ணும் பழைய வார்னிஷும் கலந்து நாசியில் ஏறும் ஈரவாடை, மகள் நித்திரையில் விடும் மூச்சு, பின்பக்கம் தண்ணீர் சுவரை மெல்ல மெல்ல நக்கும் ஒலி, இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் கொஞ்ச நேரமாகவே இருந்திருக்கிறது என்பது மூன்று மணிக்குப் பக்கத்தில்தான் அவனுக்கு உறைத்தது. சுரண்டும் சத்தம். ஆற்றுவாழை உரசுகிறது என்று நினைத்தான். பிறகு, தண்ணீர் யன்னலுக்கு ஆறடி கீழே அல்லவா நிற்கிறது என்று நினைத்தான். சத்தம் யன்னற்கதவின் அடியிலிருந்து வந்தது, வெளிப்பக்கமாக, பொறுமையாக, நாலு இழுப்பு, ஒரு ஓய்வு, மறுபடி நாலு இழுப்பு. கொண்டி வளையத்துக்குள் மெல்ல நடுங்கி, மேலே எழும்பி, கழன்று விழுந்தது.

அவன் மகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினான். அன்றிரவு எல்லாரும் கூடத்தில் படுத்தார்கள். அறையில் ஒழுக்கு என்று தனுஷியாவிடம் சொன்னான். தான் தேடிப்பிடித்த யன்னல் அல்லவா.

வெள்ளி காலை அவள் வேலைக்குப் போனபிறகு ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறி வெளிப்பக்கத்தைப் பார்த்தான். அடைத்த பசையெல்லாம் சுருள் சுருளாக யன்னல் விளிம்பில் விழுந்து கிடந்தது. எட்டுக் கீறல்களும் திறந்திருந்தன. முன்பைவிட ஆழமாக, முதிரையின் உள் மஞ்சள் தெரிய, இன்று சீவிய மரத்தின் மணத்தோடு. ஏணியிலிருந்து இறங்கினான்.

ஓடாவிக்குப் போன் எடுத்தான்.

"மூர்த்தி அண்ணன், அந்த யன்னல... நீங்க சொன்ன மாதிரியே திருப்பிப் போடணும். இண்டைக்கே."

மறுமுனையிலும் மழை இரைந்தது.

"ரோட்டுக்கு மேலால தண்ணி பாயுது, சேர். வர ஏலாது. மழை விட்ட மறுகா வாறன். நீங்க தனியக் கை வைக்காதீங்க."

"கதவு ரெண்ட மாத்துற வேலதானே."

"அண்டைக்கு நான் புது மரம் மாதிரி நினைச்சு மாட்டிட்டன், அது என்ர பிழை. இப்ப திருப்புறதெண்டா, கொண்டியப் பாக்காதீங்க சேர், கீறலப் பாருங்க. கீறினது எந்தப் பக்கம் நிக்கிது எண்டு..." சத்தம் விட்டுவிட்டு வந்து அறுந்துபோனது.

ஓடாவிமார் எல்லாரும் இப்படித்தான், தங்கள் ஆயுதத்தை இன்னொருவன் தொட்டால் பொறுக்காது என்று உதயரூபன் எண்ணிக்கொண்டான். இன்னும் மூன்று மணிக்கு எவ்வளவு நேரமிருக்கிறது என்றுதான் அவன் புத்தி ஓடியது. கொண்டி உள்ளே இருப்பதால்தானே அது கழற்றுகிறது. வெளியே இருந்து இறுக்கிக் கொளுவிவிட்டால் முடிந்தது. மகளுக்கு ஒன்றும் நேரக்கூடாது, அவ்வளவுதான்.

அவளைக் கூடத்தில் விட்டால் முற்றத்துத் தண்ணீருக்குப் போவாள். அறைக்குள் கொண்டுபோய் எதிர்ச்சுவரோரம் இருந்த கட்டிலில் இருத்தினான். "அப்பா யன்னலுக்கு வெளியிலதான் நிப்பன். கண்ணுக்கு முன்னால இரி, என்ன?" என்றான். ஓம் என்று தலையாட்டினாள். வெளியே வந்தவன் அறைக் கதவை இழுத்துச் சாத்தினான். அது நிலையைக் கவ்விக்கொண்டது. நல்லது என்று நினைத்தான்.

வேலை எதிர்பார்த்ததைவிடச் சுகமாகப் போனது. வலக் கதவு பிணைச்சலிலிருந்து கழன்று கைக்கு வந்தது, இடக் கதவும் வந்தது. கம்பிகளுக்கு அப்பால் மகள் கொப்பியில் வீடு கீறிக்கொண்டிருந்தாள். மழைத் தண்ணீர் கண்ணில் வழிய வழிய இடத்தை வலத்திலும் வலத்தை இடத்திலும் மாட்டினான். கொண்டி வெளியே வந்தது. கீறல்கள் உள்ளே போயின. இரண்டு கதவையும் சேர்த்துத் தள்ளிக் கொண்டியை வளையத்தில் கொளுவினான்.

அப்போது மரம் முனகியது.

பதினோரு நாள் ஊறாத மரம். ஒரே மூச்சில் ஊறியது போல நிலைக்குள் இறுகியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. சுரண்டல் இல்லை. தண்ணீர்கூடச் சுவரை நக்குவதை நிறுத்தியிருந்தது. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆறுதலில்.

"தக்ஷி," என்றான் கதவோடு வாய் வைத்து.

"என்னப்பா."

"பயமா இரிக்கா?"

"இல்லப்பா. இருட்டா இரிக்கி."

"இந்தா, அப்பா வாறன்."

ஒரு கால் கீழ்ப்படிக்கு இறங்கியிருந்தது. அவன் நெஞ்சுக்கு நேரே, கதவின் அடியில், சுரண்டல் தொடங்கியது. நாலு இழுப்பு. ஓய்வு. நாலு இழுப்பு. உள்ளேயிருந்து.

"மகள், சுரண்டாத. வார்னிஷ் போயிரும்."

"நான் கட்டில்ல இரிக்கன், அப்பா."

குரல் தூரத்திலிருந்து வந்தது. எதிர்ச்சுவரிலிருந்து.

கொண்டியைப் பிடித்தான். தூக்கினான். அசையவில்லை. உள்ளேயிருந்து எதுவோ கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது, தள்ளத் தள்ளக் கொண்டி வளையத்தில் இறுகியது.

"தக்ஷி, வெளியால ஓடு. கதவத் துறந்து ஓடு."

சின்னக் கால்கள் ஓடும் சத்தம். கதவின் கைபிடி குலுங்கும் சத்தம்.

"துறக்குதில்லயேப்பா."

அவன்தான் சாத்தினான். அவனே இழுத்துச் சாத்தினான்.

இறங்கி வீட்டைச் சுற்றி ஓட வேண்டும். ஏணியின் கால் சேற்றில் ஒரு பக்கம் சரிந்தது. யன்னல் நிலையைப் பிடித்துச் சமாளித்து நின்றான். இரண்டு கதவுக்கும் நடுவே நூல் போல ஓர் இடுக்கு. கண்ணை வைத்தான். உள்ளே மங்கல் வெளிச்சம், ஒரு கோடாக. அந்தக் கோடு கீழிருந்து மேலாக மறைந்தது. பிறகு திரும்ப வந்தது. எதுவோ யன்னலை விட்டு அறைக்குள் திரும்பிப் போனது.

"அப்பா," என்றாள் மகள், மெதுவாக.

"மகள்."

உள்ளங்கையால் கதவில் தட்டினான்.

"தக்ஷி. தக்ஷி."

மழை. கைபிடி குலுங்குவது நின்றுவிட்டது. பிறகு காலடிகள், யன்னலை நோக்கி, அவசரமில்லாமல். இரண்டு பேரின் காலடிகள்.

கொண்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். நகம் பிய்ந்தது. இரத்தம் முதிரையில் வழிந்தது. மறுபக்கத்தில் சுரண்டல் திரும்பத் தொடங்கியது. நாலு இழுப்பு, ஓய்வு, நாலு இழுப்பு, பொறுமையாக, ஆழமாக, மரத்தின் ஓட்டம் தெரிந்த நகங்கள்.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மெல்லிசாக, பிசகிப் பிசகி. முதலாவது ஒவ்வொரு தரமும் அதற்காகக் காத்துநின்றது.