நாலாவது ஸ்பூன்

மேஜையில் நாலு ஸ்பூன் இருந்தது. யாத்விகா வைத்தது மூன்று.

செத்துப்போன மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, தன் அப்பாவுக்கு ஒன்று. முன்னோர் வந்து சாப்பிட்டுப் போகிற நவம்பர் சாயங்காலம் அது. ஹ்ரோத்னா நகரத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தேன் விட்ட வாற்கோதுமைக் கஞ்சியும் உருளைக்கிழங்கு அடையும் எடுத்து வைத்து, வருகிறவர்கள் கதவைத் தட்ட மாட்டார்கள் என்பதால் வாசல் கதவையும் ஒரு விரற்கடை திறந்து விட்டிருந்தாள். மெழுகுவத்தி மணம், வறுத்த வெங்காய மணம், இரண்டுக்கும் அடியில் அந்த வீட்டுக்குச் சொந்தமில்லாத இன்னொரு வாடை. குளோரினும் காயாத துணியும் கலந்த வாடை.

நாலாவது ஸ்பூனை எடுத்துப் பார்த்தாள். அவள் வீட்டில் இருப்பதெல்லாம் கனத்த எவர்சில்வர். இது அலுமினியம், கையில் இருப்பதே தெரியாத லேசு, காம்பைப் பாதியில் அறுத்திருந்தார்கள். சிறைக்குப் பொட்டலம் கொடுக்க வரிசையில் நிற்கும் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கைதிகள் காம்பைக் கூர் தீட்டிவிடுவார்கள் என்று உள்ளே இப்படி அறுத்துத்தான் கொடுப்பார்களாம்.

"நீ வச்சியா?" என்று கொழுந்தனைக் கேட்டாள்.

இக்னாத் வோட்கா புட்டியைத் திருகிக்கொண்டிருந்தான். "எனக்கெதுக்கு அண்ணி வம்பு? தட்டு எடுத்து வைக்கிறதுக்கே என் பொண்டாட்டிகிட்ட தினம் திட்டு வாங்கறவன் நான்." சிரிக்கப் பார்த்தான். அவள் கையிலிருந்ததைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது.

அவன் அண்ணன், அவள் கணவன் அந்தோஸ் காரவாய், உள்ளே போய் இரண்டு வருடம். கொலை செய்யவில்லை, கொள்ளையடிக்கவில்லை. அதிபர் அறுவடை வயலில் நிற்கிற படத்துக்குக் கீழே, போனில், 'இந்த வயலில் முற்றிப்போனது கோதுமை மட்டுமில்லை' என்று ஒரு வரி எழுதினான். அவ்வளவுதான். விடியற்காலையில் கதவை உடைத்தார்கள். உதடு வீங்கிய முகத்தோடு காமிரா முன்னால் உட்காரவைத்து, 'வருந்துகிறேன்' என்று சொல்லவைத்து, அதை ஊருக்கே போட்டுக் காட்டினார்கள். ஒரு வரிக்கு ஐந்து வருடம். வசந்தத்திலிருந்து கடிதமும் இல்லை, அனுப்பும் பொட்டலமும் திரும்பி வருகிறது. கேட்டால், எழுத அவருக்கு விருப்பமில்லை என்கிறார்கள். இவளோடு குடித்தனம் செய்தவனுக்கு இவளுக்கு எழுத விருப்பமில்லையாம்! நரம்பில்லாத நாக்கு எதையும் சொல்லும்.

ஜன்னலைத் திறந்து ஸ்பூனை வீசினாள். கீழே முற்றத்தில் எங்கோ விழுந்து கிணிங்கென்றது. சாத்திவிட்டுத் திரும்பினாள்.

மேஜையில் நாலு.

கஞ்சியில் ஒரு வாய் அள்ளிய பள்ளம்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. சரக். சரக். கயிறு இல்லாத பூட்ஸ் காலில் நிற்காமல் இழுபடுகிற சத்தம். பிடிபடுகிறவர்களிடம் போலீஸ் முதலில் பிடுங்குவது பூட்ஸ் கயிற்றைத்தான்.

"அண்ணி, கதவைச் சாத்துங்க."

"யாருன்னு தெரியலியா உனக்கு?"

"தெரிய வேணாம். பேரை மட்டும் சொல்லிடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன். இன்னிக்குப் பேர் சொல்லிக் கூப்பிடறது செத்தவங்களைத்தான். கூப்பிட்டா அண்ணன் போயிட்டான்னு நாமளே முடிவு கட்டின மாதிரி ஆயிடும்."

"கூப்பிடலேன்னா? வாசல்ல பசியோட நிக்கட்டுமா?"

இக்னாத் சிறையின் எண்ணை அழுத்திப் போனை மேஜையில் வைத்து, அண்ணனின் கைதி எண்ணைச் சொன்னான். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கொட்டாவியோடு வந்தது.

"காரவாய் அந்தோஸா? நலமா இருக்கார்."

"அப்ப ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க," என்றாள் யாத்விகா.

"அவருக்கு விருப்பமில்லைம்மா."

சரக். கதவுக்கு வெளியே வந்து நின்றது. குளோரின் வாடை மூக்கை அறுத்தது.

"சாப்பிடறாரா?"

"அதெல்லாம் நல்லா சாப்பிடறார்."

அலுமினிய ஸ்பூன் தட்டில் ஒருமுறை தட்டியது. யாரும் தொடவில்லை.

பயத்தைத் தள்ளிக்கொண்டு அவளுக்குக் கோபம் மேலே வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள், ஒரு பிணத்தைக் கோப்பில் உயிரோடு வைத்து, அதற்குத் தினமும் சோறும் போடுகிறார்கள். இக்னாத் அவள் முழங்கையைப் பிடித்தான். உதறினாள். கதவை இழுத்துத் திறந்தாள்.

படியில் பல்பு மினுக் மினுக்கென்றது.

ஆட்கள். சுவரைப் பார்த்தபடி. கைகள் பின்னால். தலை முழங்கால் வரை குனிந்து. அவள் வாசலிலிருந்து கீழ்த்தளம் வரை, படிக்கு ஒருவர். அவள் வாயிலிருந்து குளிரில் ஆவி வந்தது. அவர்கள் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

இத்தனை பேருக்கும் எங்கோ வீடு இருக்கும். அங்கெல்லாம் இன்றைக்கு மேஜை போட்டிருப்பார்கள். இவர்களுக்கு மட்டும் தட்டு இருக்காது. செத்ததையே சொல்லவில்லை என்றால் யார் கூப்பிடுவார்கள்? பாவிகள்.

அவளுக்குத் தெரிந்தது ஒரு பேர்தான்.

"அந்தோஸ்," என்றாள். "உள்ள வாய்யா. வந்து சாப்பிடு."

முதல் ஆள் நிமிர்ந்து திரும்பினான். நெஞ்சில் அரசியல் கைதிகளுக்குத் தைக்கிற மஞ்சள் பட்டை. அவன் முகம்தான். உதடு இன்னும் வீங்கியே இருந்தது. கண் அவளைப் பார்த்தது. அடையாளம் தெரியவில்லை. குதிகால் இரண்டையும் சேர்த்தான்.

"கைதி காரவாய், அந்தோஸ். அதிபரை அவமதித்த குற்றம். வருந்துகிறேன்."

"நான்தான்யா. யாத்விகா. இங்க அவனுங்க யாரும் இல்ல. நீ வருந்தாத!"

"கைதி காரவாய், அந்தோஸ். அதிபரை அவமதித்த குற்றம். வருந்துகிறேன்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். ஐஸ். விரல்கள் பின்னாலேயே பூட்டிக்கொண்டிருந்தன. பிரியவில்லை.

அடுத்த படியில் நின்றவன் திரும்பினான்.

"கைதி..."

அதற்கடுத்தவன்.

"கைதி..."

பேர் மட்டும் மாறியது. படிப்படியாகக் கீழே இறங்கியது. வருந்துகிறேன். வருந்துகிறேன். கட்டிட வாசலைத் தாண்டியது. பிறகு முற்றத்திலிருந்து கேட்டது. பிறகு தெருவிலிருந்து. தெரு முழுக்க.