உங்களுக்குப் பின்னால் ஒருவர்!

கைப்பேசி அலறியது.

மலர்விழி எட்டிப் பார்த்தாள். திரையில் ஒளிர்ந்த பெயரைக் கண்டதும் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் நழுவித் தரையில் விழுந்தது.

அபிராமி!

போன வாரம்தான் கிள்ளானுக்குப் போய், தோழி அபிராமியின் உடல் முன்னால் விழுந்து அழுதுவிட்டு வந்திருந்தாள். அந்த அபிராமி இப்போது கூப்பிடுகிறாள்... பட்டப்பகலில்!

பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

"மலரு..."

ஆண் குரல். அபிராமியின் கணவன் லோகேஷ்.

"அண்ணே... நீங்களா? பயந்தே போயிட்டேன்."

"என் போன்ல சார்ஜ் இல்ல. அவ போன்லேர்ந்து அடிக்கிறேன். கடைக்குள்ள ஆள் இருக்கா?"

"நான் மட்டும்தான்ணே."

"அப்படியே இரு. வாசல்லதான் நிக்கிறேன்."

நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே லோகேஷ். குனிந்த தலையெல்லாம் மழைத் தண்ணீர். கக்கத்தில் அபிராமியின் லேப்டாப்.

அவன் உள்ளே வருவதற்குள் மலர்விழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

பிரிக்பீல்ட்ஸில் கணினி ரிப்பேர் அவள் தொழில். அவளுக்கு இருக்கும் பைத்தியம் வேறு. கணினியை நடத்தும் மென்பொருளுக்குள், கம்பெனிக்காரர்கள் எழுதி முடித்துவிட்டு வெளியே விடாமல் ஒளித்து வைத்திருக்கும் வசதிகள் எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் கட்டளை தட்டினால் போதும்... உறங்கிக்கொண்டிருந்த வசதி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இவளுக்கு அதில் அப்படி ஒரு குஷி!

அன்று காலையில்கூட ஒன்றை எழுப்பியிருந்தாள். கடைக்குள் தமிழில் என்ன பேசினாலும் அதை உடனே எழுத்தாக்கும் வசதி. ஷோகேஸில் தெருவைப் பார்த்து நிற்கும் பெரிய திரையில் அந்த எழுத்துகள் ஓடின. வாசல் ஐந்தடி நடைபாதையில் பூமாலை விற்கும் விஜயன் அதைக் கண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

பிறகு வேலை வந்தது. மலர்விழி அதை அணைக்க மறந்துபோனாள்.

லோகேஷ் உள்ளே வந்தான். கதவின் பூட்டைத் திருகிப் பூட்டினான். கதவில் தொங்கிய அட்டையை 'மூடப்பட்டது' என்று திருப்பினான்.

"எதுக்குண்ணே பூட்டறீங்க?"

லேப்டாப்பை மேசைமேல் வைத்தான்.

"இதுல இருக்கறது எல்லாத்தையும் அழிச்சிடு."

அபிராமியின் படங்கள் இருக்குமே, அவற்றையாவது எடுத்து வைக்கட்டுமா என்று மலர்விழி கேட்டாள். வேண்டாம் என்றான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான்.

லேப்டாப்பைத் திறந்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் திரையின் மேல் விளிம்பில் காய்ந்து கிடந்தன. பார்த்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. கண்கள் கலங்கின.

அந்தப் பூஜை அன்று மாலைதான் அபிராமி செத்தாள். கிள்ளானில் அவள் நடத்திய தையல் கடையின் மாடிப்படியில் கால் தவறி உருண்டுவிட்டாள் என்றார்கள். அந்த நேரத்தில் காப்பார் கோயிலில் இருந்தேன் என்று லோகேஷ் சொன்னான். போலிஸ் நம்பியது. மலர்விழியும் நம்பினாள்.

இந்த நிமிடம் வரைக்கும்!

"அபி ஒண்ணு சொன்னா," என்றான் லோகேஷ். குரல் தணிந்திருந்தது. "நீ இதுல என்னமோ திறந்துவிட்டியாமே. பின்னாடி யாராச்சும் வந்து நின்னா, இது கண்டுபிடிச்சு போட்டோ எடுக்குமாமே."

மலர்விழி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

உண்மைதான். அதுவும் ஒளிந்திருந்த வசதிதான். வேலை செய்பவருக்குப் பின்னால் வேறொரு முகம் தெரிந்தால், 'உங்களுக்குப் பின்னால் ஒருவர்' என்று எச்சரிக்கும். படமும் எடுத்து வைக்கும். அபிராமிதான் கேட்டாள். ஏன் என்று அன்று மலர்விழி கேட்கவில்லை. யாருக்கு அபிராமி பயந்தாள் என்பது இப்போதுதான் புரிந்தது.

"காப்பார் கோயில்ல இருந்தவருக்கு அந்த போட்டோ எதுக்குண்ணே?"

கேட்டிருக்கக் கூடாது... வாய் முந்திக்கொண்டது!

லோகேஷ் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தான். மேசையில் அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தி கிடந்தது. நிதானமாக எடுத்தான். கட்டைவிரலால் தள்ளினான்.

கர்ர்ர்... கத்தி நீண்டது.

"இதை உடைச்சுக் கடல்ல போட்டிருப்பேன். ஆனா எடுத்த போட்டோ உனக்கு வந்திருந்தா? அதான் நேர்ல வந்தேன். சொல்லு மலரு. வந்துச்சா?"

மலர்விழி கத்தியையே பார்த்தாள். இல்லை என்றால் நம்புவானா? நம்பினாலும் விடுவானா? வீட்டில் இவளுக்காகக் காத்திருக்கும் அம்மா நினைவுக்கு வந்தாள். சாக அவளுக்குப் பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அவன் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தாள்.

ஷோகேஸ் கண்ணாடிக்கு வெளியே முகங்கள்! மழைக்கு ஒதுங்கியவர்கள். எல்லோருடைய கண்களும் பெரிய திரையில் குத்திட்டு நின்றன. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. நடுவில் விஜயன். காதில் போன்.

திரை ஓடிக்கொண்டிருக்கிறது... இவர்கள் பேசுவது ஒவ்வொன்றும் வெளியே எழுத்தாகிறது! உள்ளே இருந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் திரையின் முதுகு மட்டும்தான்.

மலர்விழி எச்சிலை விழுங்கினாள்.

"வந்துச்சு," என்றாள்.

"என்ன தெரியுது அதுல?"

"நீங்க. அபிக்குப் பின்னாடி."

"தள்ளுனது தெரியுதா?"

மலர்விழி கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"எதுக்குண்ணே தள்ளுனீங்க?" என்றாள். "அவ உங்களுக்கு என்ன பண்ணா?"

"பிரிஞ்சு போறேன்னா. வக்கீல பார்த்துட்டேன்னா. அப்புறம் நான் கிள்ளான்ல எப்படித் தலைகாட்டறது? படியில இறங்கறப்போ பிடிச்சுத் தள்ளுனேன். ஒரே தள்ளு. அவ்ளோதான்."

அவ்வளவுதான்! தாலி கட்டிய பெண்ணின் உயிர் அவனுக்கு அவ்வளவுதான்!

"நீ நல்ல பொண்ணு மலரு. ஆனா உன் வாய் சும்மா இருக்காதே."

மேசையைச் சுற்றி வந்தான். மலர்விழி பின்னால் நகர்ந்தாள். சுவர் முதுகில் இடித்தது. கத்தி உயர்ந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

க்ளிக்!

கதவு திறந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கடையின் மாற்றுச் சாவியை மலர்விழி எப்போதும் விஜயனிடம்தான் கொடுத்து வைத்திருப்பாள். அவன் வீசிய இரும்பு ஸ்டூல் லோகேஷின் முழங்காலைப் பதம் பார்த்தது. கத்தி எகிறி மேசைக்கடியில் விழுந்தது. பின்னாலேயே பாய்ந்து வந்த இரண்டு ரோந்துப் போலிஸ்காரர்கள் லோகேஷைத் தரையோடு அமுக்கினார்கள்.

மலர்விழி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். விஜயன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவளால் அதைப் பிடிக்கக்கூட முடியவில்லை.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் பிரவின் வந்தார். லோகேஷை வெளியே கொண்டுபோய்ப் பெரிய திரைக்கு முன்னால் நிறுத்தினார். லோகேஷ் படித்தான். 'ஒரே தள்ளு. அவ்ளோதான்.' தலை தொங்கிப்போனது.

"இது போதும்," என்ற பிரவின் மலர்விழி பக்கம் திரும்பினார். "இருந்தாலும் அந்த போட்டோவையும் குடுத்துடுங்கமா."

"போட்டோ இல்ல சார்."

லோகேஷின் தலை விருட்டென்று நிமிர்ந்தது.

மலர்விழி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். திரையின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். கேமராவின் குட்டிக் கண் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் தடிமனாக அப்பியிருந்தது. அதன் நடுவில் குங்குமப் பொட்டு.

"திறந்ததும் பார்த்துட்டேன் சார். கேமரா மேலேயே பொட்டு. பூஜை அன்னிக்குக் காலையிலேர்ந்து இது யாரையும் பார்க்கல. வந்துச்சுன்னு நான் சும்மா சொன்னேன்."

"பொட்டு வெச்சது யாரு?"

விலங்கு மாட்டிய கையை லோகேஷ் மெல்ல உயர்த்தினான். தன் மோதிர விரலையே வெறித்துப் பார்த்தான்.

"நான்தான்... பூஜையில எல்லாத்துக்கும் நான்தான் வெச்சேன்."

அவன் பேசாமல் வீட்டிலேயே இருந்திருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மலர்விழி காய்ந்த குங்குமத்தைப் பார்த்தாள். அபி, அபி என்று சொல்லிக்கொண்டே வாய்விட்டு அழுதாள்.

பிரவின் லோகேஷின் தோளில் கை போட்டு ஜீப்பில் ஏற்றினார்.

"சாட்சியோட கண்ணை நீயே பொத்திட்டு, அது என்ன பார்த்துச்சுன்னு கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கியே boss! அடுத்த ஆயுத பூஜைக்கு உள்ள உட்கார்ந்து கம்பி எண்ணுவ இல்ல... அப்போ ஒவ்வொரு கம்பிக்கும் மறக்காம ஒரு பொட்டு வெச்சிடு லா."