முப்பத்தெட்டாவது ஆள்

வலது பையில் இருந்த, ஆள் எண்ணும் கிளிக்கர் முப்பத்தேழு காட்டியது. இடது பையில் இருந்தது முப்பத்தெட்டு.

வெர்னா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து மறுபடி பார்த்தாள். உள்ளே வருகிறவருக்கு இடது, வெளியே போகிறவருக்கு வலது. பதினோரு வருடமாக விரல் தானாக அழுத்துகிற வேலை. இன்றைக்குப் பார்த்தா இந்த எழவு? மணி ஐந்தாகப் பத்து நிமிடம். ஆறரைக்கு அவள் மகள் டெசா ராணுவப் பயிற்சிக்கு பஸ் ஏறுகிறாள். "படிப்பை விட்டுட்டு துப்பாக்கி தூக்கப் போறியா?" என்று வெர்னா கத்திய நாளிலிருந்து, இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. நேற்று ஒரே ஒரு வரி வந்திருந்தது: வரணும்னா வா, ஆறரைக்கு மேல நான் இருக்க மாட்டேன். பஸ் நிலையம் வண்டியில் அரை மணி நேர ஓட்டம்.

ஆனால் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் அருங்காட்சியகத்தைப் பூட்டக் கூடாது. போன வருடம் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி சிலைக்குப் பின்னால் தூங்கிப்போய், மறுநாள் காலையில்தான் கிடைத்தாள். அன்று எண்ணியது வெர்னா. இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

வாசலில் மாட்டியிருந்த தன் பழுப்புக் கோட்டை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு மாடி ஏறினாள். வலது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது; பல வருட நொண்டல். அந்தக் கட்டடமே ஒரு பழைய கிரேக்கக் கோயிலின் நகல். கிரேக்கத்தில் அசல் கோயில் இடிந்து கிடக்க, இந்த டென்னசி ஊர்க்காரர்கள் ஆற்றுக் கூழாங்கல்லையும் சிமென்ட்டையும் குழைத்து நூறு வருடத்துக்கு முன்னால் முழுசாக ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். நடுக்கூடத்தில் மூன்று மாடி உயரத் தேவி சிலை, இரண்டு பக்கமும் தூண் வரிசை, வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்ததால் தூணுக்குத் தூண் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்துவிட்ட நிழல், அதற்கு நடுவே எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குச் சற்றும் புரியாத ஒரு வாசனை: அப்போதுதான் தண்ணீர் விட்டுக் குழைத்த சிமென்ட்டின் ஈர வாசனை. கட்டட வேலை எதுவும் நடக்கவில்லை.

"மூடியாச்சுங்க! யாராவது இருந்தா வாங்க!"

நாலு மணிக்கு மழையோடு கடைசியாக வந்த ஒருத்தி நினைவுக்கு வந்தாள். தலை கவிழ்ந்து, ஈரம் சொட்ட, நொண்டிக்கொண்டு போனாள். முகத்தை வெர்னா பார்க்கவில்லை.

அவளாகத்தான் இருக்கும். சனியன், எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாளோ.

கழிவறைகள் காலி. ஓவிய அறை காலி. மறுபடி கூடத்துக்கு வந்தபோது, இடது பக்கத் தூண்களுக்குப் பின்னால் காலடி கேட்டது. ஓர் அடி, ஓர் இழுப்பு. ஓர் அடி, ஓர் இழுப்பு. வெர்னா அங்கே போனாள். இப்போது அது வலது பக்கம் கேட்டது. வலது பக்கம் போனாள். இடது பக்கம். அவள் நின்றால் அதுவும் நின்றது.

"என் நடையைக் கிண்டல் பண்றியா? வெளியே வாம்மா, எனக்கு வேலை இருக்கு!"

இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. கீழே மழையில் வண்டியோடு காத்திருக்கும் ஓடெல். வெளிக்கம்பிக் கதவைப் பூட்டுகிறவன் அவன்தான்.

"மிஸ் வெர்னா, என் கால் விறைச்சுப் போச்சு. வர்றீங்களா, இல்ல தேவிக்குத் தலை வாரி விடறீங்களா?"

"ஒரு ஆள் குறையுதுடா, ஓடெல்."

"குறையட்டும்! டெசா பஸ் ஏறப் போறா. போங்க."

மணி ஐந்து நாற்பது. ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் இந்தக் கட்டடம் அவளுடைய எத்தனை சாயங்காலங்களைத் தின்றிருக்கும்! எவளோ ஒருத்திக்காக மகளையும் விட வேண்டுமா? மழையில் ஒருத்திக்கு இரண்டு முறை அழுத்தியிருப்பேன், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத எவளுக்கோ பயந்து நிற்க முடியாது.

யாரும் வெளியே போகவில்லை. அவள் வலது கிளிக்கரை அழுத்தினாள்.

டிக்.

முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு.

காலடி நின்றது.

பிறகு தொடங்கியது. இந்த முறை தூண்களுக்குப் பின்னால் இல்லை. படிக்கட்டில். ஓர் அடி, ஓர் இழுப்பு. கீழே இறங்கியது. அவசரமே இல்லாமல்.

வெர்னா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓடினாள். முழங்கால் மடங்கியது. படிகள் ஈரம். சாம்பல் நிறச் சேறு. அதில் கூழாங்கற்கள்.

கீழிருந்து ஓடெலின் குரல். "அப்பாடா! வந்தீங்களா, மிஸ் வெர்னா! டெசாவை நான் கேட்டேன்னு சொல்லுங்க."

கம்பிக் கதவு இழுபட்டது. பூட்டு விழுந்தது.

"ஓடெல்!"

வாசல். கோட் இல்லை. வண்டிச் சாவி அந்தக் கோட்டில்தான் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் மழை. மழையில் அவளுடைய பழுப்புக் கோட். அவளுடைய முதுகு. அவளுடைய நொண்டல். அவளுடைய வண்டியின் கதவைத் திறந்து உட்கார்ந்தது.

கண்ணாடியை அடித்தாள். ஓடெலின் வண்டி அதற்குள் திரும்பிவிட்டிருந்தது. வாக்கி டாக்கியில் கத்தினாள். பூட்டியதும் அவன் தன்னுடையதை அணைத்துவிடுவான். எப்போதும் அப்படித்தான்.

சட்டைப் பையில் போன். டெசாவை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. "எடுடி. எடு, என் கண்ணே." எடுக்கவில்லை. 'அது நான் இல்லை, கிட்டே போகாதே' என்று எழுதி அனுப்பினாள். படித்ததாகக் காட்டவில்லை.

ஆறு இருபத்திரண்டுக்கு டெசாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கீழே ஒரு வரி.

வர மாட்டேன்னு நினைச்சேம்மா. மன்னிச்சிடு.

படத்தில் டெசா, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, அழுதுகொண்டே சிரித்தாள். பழுப்புக் கோட் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது. முகம் மகளின் தோளில் புதைந்திருந்தது. மகளின் கன்னத்தைத் தாங்கிய கைதான் தெரிந்தது. அந்த விரல்கள் சாம்பல் நிறம். தோல் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள். அவை தொட்ட இடத்தில், டெசாவின் கன்னமும் சாம்பலாகத் தொடங்கியிருந்தது.