அலமாரிக்குப் பின்னால் பூத்தது

லிம்பேயின் ஜூலை மழை தகரக் கூரையைப் போட்டு அறைந்துகொண்டிருந்த பகல். வீட்டுக்காரன் எக்கெமா மூக்கைச் சுளித்தபடி உள்ளே வந்தான். குடியிருந்த நமோண்டோவின் மகள் இருமி இருமிப் பாயில் சுருண்டு கிடந்தாள்.

“எக்கெமா மோலா, படுக்கையறைச் சுவத்துல பூசணம். பிள்ளையால மூச்சு விட முடியல,” என்றாள் நமோண்டோ.

“ஜன்னலச் சாத்திக்கிட்டுப் பயறு அரைச்சுக் கோக்கி அவிச்சா, சுவத்துல செம்பருத்தியா பூக்கும்?”

முன்பு அங்கே குடியிருந்த எஃபெத்திக் கிழவிக்கும் அவன் இதையேதான் சொன்னான். இருமலை நடிப்பு என்றான். அவள் அந்த அறையிலேயே இருமிச் செத்தாள். சுவருக்கு வெள்ளையடித்து நமோண்டோவைக் குடிவைத்தான்.

அலமாரியை நகர்த்தினார்கள். நனைந்த துணி அழுகும் நாற்றம் முகத்தில் மோதியது. சுவரில் கருப்பாய்ப் படர்ந்திருந்தது பூசணம். கூனிய தோளும் தொங்கிய தலையுமாய் ஓர் ஆள் வடிவம்.

“எஃபெத்தி இயா, அந்தப் பாட்டி, இப்படித்தான் சாய்ஞ்சு உக்காருவாங்களாம்,” என்று நமோண்டோ கிசுகிசுத்தாள்.

“அழுக்குக்குக்கூட பேர் வெக்கிற ஜனம்!”

ஈரமில்லாமல் பூசணம் வராது என்பது அவனுக்குத் தெரியும். கூரை ஒழுகவில்லை. சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் கிடையாது. உள்ளங்கையால் தடவினான். எல்லா இடமும் காய்ந்திருந்தது.

வாய் இருக்க வேண்டிய இடம் மட்டும் ஈரம்.

வெதுவெதுப்பு.

அந்த இடம் உள்ளே போய், வெளியே வந்தது.

கையை உதறினான். யாரோ இருமினார்கள்.

“உன் பிள்ளைய அடக்கு!”

குழந்தை இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, கதவருகே நின்று அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நமோண்டோ அவளை வாரியெடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். திரும்பவேயில்லை. அக்காள் வீட்டில் பிள்ளையின் இருமல் மெல்ல மெல்ல நின்றுபோனது.

எக்கெமா ஆள் வைத்துச் சுவரை இடித்தான். காய்ந்த கல்லைத் தவிர ஒன்றுமில்லை.

“எங்க உங்க பேய்? கூப்பிடுங்களேன்!” என்று வேடிக்கை பார்த்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு இருமலாக முடிந்தது.

மழைக்காலம் போனது. இருமல் போகவில்லை. மேட்டில் அவன் கட்டிய புது வீட்டில், ஒரு காலை, மனைவி லிமுங்கா தலையணைகளை எடுத்தவள் கட்டிலை ஒட்டிய சுவரைக் காட்டினாள்.

“இதென்ன, நீங்க சாயுற இடத்துல கருப்பா?”

“உன் எண்ணெய்த் தலை பட்டிருக்கும்.”

“ஷ்... கேளுங்க. மூச்சு இழுக்குதே, யாரு?”

“நான்தான். வேற யாரு?”

“கொஞ்சம் மூச்ச அடக்குங்க.”

அவன் அடக்கினான்.

சுவர் அடக்கவில்லை.